மூன்று தடவை கூப்பிட்டவர்

குடும்ப நீதிமன்றத்தில் அவருக்கு ஃபார்மாலிட்டி என்று பேர். வக்கீல்கள் வைத்த பேர். பெற்றவர்கள் வைத்தது ஒன்று இருக்கத்தான் இருந்தது, ஆனால் சம்பளத்தன்று தவிர மற்ற நாளில் அதற்கு வேலையில்லை. ஃபார்மாலிட்டி வந்தாச்சா, ஃபார்மாலிட்டி டீ குடிக்கப் போயிருக்காரா என்றுதான் வராந்தாவில் கேட்பார்கள். அவர் காதுபடவே கேட்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

கோர்ட்டில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம், "ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு" என்று சொல்லித்தான் முதல் கையெழுத்தை வாங்குவார்கள். கோர்ட்டுக்கு வெளியிலும் அதன் புழக்கம் குறைச்சலில்லை. கல்யாணத்துக்கு வாசலோடு சொல்லிவிட்டுப் போன உறவுக்காரனை, "ஃபார்மாலிட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறான்" என்று வைவோம். "நமக்குள்ள என்னங்க ஃபார்மாலிட்டி" என்று சொல்கிற ஆள் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து உட்காருவான். மொத்தத்தில், உள்ளே ஒன்றுமில்லாத காரியத்துக்கு நாம் வைத்திருக்கிற பேர் அது. செய்யாவிட்டால் குறையில்லை, ஆனாலும் செய்து தொலைக்க வேண்டும்.

இவர் ஒருத்தருக்குத்தான் அப்படி இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. இவருக்கு மீசை அரும்பிய வயதில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அதற்கு முந்திய வருஷமே போய்விட்டாள். இவர் இடுப்பில் தங்கை. பக்கத்துக் கதவு வழியாகக் கம்பவுண்டருக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களும் பொல்லாதவர்கள் இல்லை, கொஞ்சம் செல்வாக்குள்ளவர்கள், அவ்வளவுதான். அப்பாவின் முறை வந்தபோது அப்பா பெஞ்சில் சாய்ந்திருந்தார். கூப்பிட்டார்கள், அவர் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அந்தப் பையன் மனசுக்குள் ஒன்று கெட்டிப்பட்டுவிட்டது. ஆள் பார்த்து நடப்பதுதான் உலகத்திலேயே பெரிய பாவம், அந்தப் பாவத்துக்கு முறை ஒன்றுதான் மருந்து. பின்னால் கோர்ட்டில் டவாலி வேலை கிடைத்து, வெள்ளைச் சட்டையும் குறுக்கே பட்டையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது, இனிமேல் தன் கண்முன்னால் ஒருத்தரும் பக்கத்துக் கதவு வழியாகப் போக முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

அவருடைய வேலையில் முக்கியமானது பேர் கூப்பிடுவது. வழக்கு எடுத்ததும் வராந்தாவுக்கு வந்து, மாடிப்படியைப் பார்த்து நின்று, காகிதத்தில் உள்ளபடி முழுப்பேரையும் தகப்பன் பேரோடு சேர்த்து மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றுக்குள் ஆள் வந்துவிட்டால் சரி. வராவிட்டால் உள்ளே போய் வரவில்லை என்று சொல்ல வேண்டும், மீதியை ஜட்ஜம்மா பார்த்துக்கொள்வார். மற்ற டவாலிகளுக்கு இந்த மூன்று தடவை என்பது ரப்பர் மாதிரி. வேண்டிய வக்கீல் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தால் இரண்டாவது தடவைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அவர்களுக்கு இருமல் வரும், செருப்பு வார் அவிழும், மூக்குக் கண்ணாடி காணாமல் போகும். வேண்டாதவன் என்றால் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நம்மவருக்கு இருமலும் கிடையாது, அவசரமும் கிடையாது. கோடீஸ்வரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே குரல், ஒரே இடைவெளி. ஒரு பெரிய வக்கீல் பாதிப் படியில் நின்று "இதோ வந்துட்டேன்யா!" என்று கையை ஆட்டியும் மூன்றாவதைச் சொல்லிவிட்டு உள்ளே போனவர். அந்தப் பேர் அன்றைக்கு வைத்ததுதான்.

வீட்டிலும் இதே கூத்துதான். சொந்த வீட்டுக்குள் நுழையவே கதவைத் தட்டுவார். "உங்களுக்குத் தும்மல்கூட மனு போட்டுத்தான் வரும்போல" என்பாள் அவர் மனைவி. கேலிதான், ஆனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. தங்கையைத்தான் மகளாக வளர்த்தார்கள். அவளுக்கு வீட்டில் பாப்பா என்று பேர். கல்யாணமாகிப் போகும்போதும் பாப்பாதான், கல்யாணம் கசந்து கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோதும் பாப்பாதான்.

அந்தக் கைக்குழந்தை வளர்ந்து ஐந்து வயதில் வீட்டையே ஆட்டி வைத்தது. சாயங்காலம் அவர் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "யாரது?" என்று அதட்டும்.

"மாமாங்க."

"எந்த மாமா?"

"டவாலி மாமாங்க. உள்ள வரலாமுங்களா?"

"வரக்கூடாது!" என்று சொல்லிவிட்டுக் குட்டி தானே தாழ்ப்பாளை எம்பித் திறக்கும். ஊரையே வாசலில் நிறுத்தி வைக்கிற மனுஷன் அந்த ஒரு குழந்தையிடம் தினமும் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் சிரித்தது பெரும்பாலும் அந்த வாசல்படியில்தான்.

குட்டியின் அப்பா குழந்தை தனக்கு வேண்டும் என்று வழக்குப் போட்டார். வழக்கு வேறெங்கும் போகாமல் இவர் பேர் கூப்பிடுகிற கோர்ட்டுக்கே வந்தது. முறை தெரிந்த மனுஷன், உடனே பெஞ்ச் கிளார்க்கிடம் போய் நின்றார்.

"அது என் தங்கச்சி கேஸுங்க. அன்னிக்கு மட்டும் வேற யாரையாவது கூப்பிடச் சொல்லிடுங்க."

"பேர் கூப்பிடறதுல என்னய்யா சொந்தமும் பந்தமும்? தீர்ப்பா சொல்லப் போற? அந்த இன்னொரு ஆளும் லீவுல இருக்கான். போய் வேலையப் பாரு" என்று கிளார்க் சிரித்தார்.

முதல் வாய்தாவுக்கு வக்கீல் வந்து தேதி வாங்கினார். அடுத்ததற்குக் குட்டிக்குக் காய்ச்சல், பாப்பா வரவில்லை. ஜட்ஜம்மாவுக்குக் கோபம். அடுத்த தடவை குழந்தையோடு வர வேண்டும், கூப்பிடுகிறபோது ஆள் இல்லாவிட்டால் இருக்கிறவர் பக்கம் கேட்டு உத்தரவு போட்டுவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பாப்பாவின் வக்கீல் போனில் பேசினார்.

"நாளைக்கு ஒண்ணும் பெருசா நடக்காதும்மா. குழந்தைய ஒரு பார்வை பார்ப்பாங்க, சும்மா ஃபார்மாலிட்டிதான். எனக்கு இன்னொரு கோர்ட்டுல வேலை இருக்கு, முன்னபின்ன ஆனாலும் பயப்படாதீங்க."

பாப்பா போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். "உன் பேரத்தான் சொல்றாருண்ணா." அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "சீக்கிரமா வந்து மாடியில உக்காந்துக்க பாப்பா. கூப்பிடும்போது இருக்கணும்" என்றார். "அதான் நீ இருக்கியே" என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் மறுநாள் வந்தாள். அண்ணன் கூப்பிடுகிற கோர்ட்டு, அவளுக்கென்ன பயம்?

காலையில் வராந்தாவில் அவள் புருஷனின் வக்கீல் இவரைத் தாண்டிப் போகும்போது, யாரிடமோ சொல்கிற மாதிரி, "இது மச்சான் கோர்ட்டாமே. பார்ப்போம் எவ்வளவு நேரம் கூப்பிடுறாங்கன்னு" என்றார். அது இவருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவரைப் பார்த்துச் சொல்லாத சொல் அது.

அன்றைக்குப் பார்த்து முன்னால் இருந்த இரண்டு வழக்கிலும் ஆட்கள் வரவில்லை. பாப்பாவின் வழக்கு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. கிளார்க் தலையை அசைத்தார். இவர் வராந்தாவுக்கு வந்தார். மாடிப்படியில் அவள் இல்லை. பெஞ்சில் இல்லை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், கீழே முற்றத்தின் கோடியில், தண்ணீர்க் குழாயடியில் இருந்தாள். ஓடி விளையாடிய குட்டி சிமென்ட் தரையில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டுவிட்டது. முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, அவள் அந்தக் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். குட்டி ஒற்றைக்காலில் நின்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று அவர் யாரிடமும், கடைசிவரைக்கும், சொன்னதில்லை.

காகிதத்தில் இருந்தபடி கூப்பிட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எழுதின முழுப்பேர், கூடவே தகப்பன் பேர். அது அவருடைய தகப்பனின் பேரும்தான். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. குழாய்ச் சத்தத்திலும் குழந்தையின் அழுகையிலும் அவள் திரும்பவில்லை. அவள் பக்கத்தில் டைப் அடிக்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கைதட்டு தட்டியிருந்தால் அவர்கள் பார்த்திருப்பார்கள், அவளிடம் சொல்லியிருப்பார்கள். கை அவருக்குச் சொந்தக் கைதான், தூக்குவதற்கு யாரும் வரி போடவில்லை. வழக்கமான இடைவெளி விட்டு இரண்டாவது தடவை கூப்பிட்டார். அவள் கைக்குட்டையைக் காயத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் கதவோரம் அந்த வக்கீல் வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள், எழுந்து குழாயை மூடினாள்.

இவர் திரும்பி உள்ளே போனார். "மூணு தடவை கூப்பிட்டாச்சுங்கம்மா. வரலைங்க."

ஒரு எழுத்துப் பிசகில்லாத உண்மை. இப்படிப்பட்ட உண்மையை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தபோது அண்ணன் வாசலில் நின்று அடுத்த வழக்கின் பேரை அதே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே ஓடிக் கைகூப்பினாள். "கீழதான் இருந்தேன் மேடம், குழந்தை விழுந்துடுச்சு" என்று குட்டியின் முட்டியைக் காட்டினாள். ஜட்ஜம்மா நல்லவர்தான், இரண்டு நிமிஷம் யோசித்தார். அந்த வக்கீல் எழுந்து, உத்தரவு சொல்லியாகிவிட்டது என்று நினைவுபடுத்தினார். "முறைப்படி மனு போடுங்கம்மா, பார்க்கலாம்" என்றார் ஜட்ஜம்மா. அதுவரைக்கும் குழந்தை அப்பாவிடம்.

குழந்தையைச் சாயங்காலம் ஒப்படைத்தார்கள். குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை, காரில் போவதில் சந்தோஷம்கூட இருந்தது. ஏறி உட்கார்ந்து நகர்ந்து இடம் விட்டுவிட்டு, "ஏம்மா, நீ ஏறலையா?" என்றது. கதவைச் சாத்திவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டில் பாப்பா அழவில்லை, துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். அண்ணி குறுக்கே நின்று கையைப் பிடித்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"நீ பார்த்தியாண்ணா?" என்று கேட்டாள் பாப்பா.

அவர் ஆமென்று தலையை அசைத்தார்.

"பாப்பான்னு ஒரே ஒரு தடவ கூப்பிட்டிருந்தா போதுமே. எந்தச் சத்தத்துலயும் எனக்குக் கேட்டிருக்கும். அடிவயித்துலருந்து கேட்டிருக்கும்."

"எல்லாருக்கும் கூப்பிடுற மாதிரிதான் பாப்பா..."

"நான் எல்லாரும் இல்லையே" என்றாள் அவள். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஒரு தோழி வீட்டுக்குப் போனாள். அப்புறம் தனியாக ஓர் அறை பிடித்துக்கொண்டாள். அண்ணி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், அண்ணனோடு பேச்சில்லை.

மறுநாள் வக்கீல்கள் அறையில் அவருக்கு ஏகப்பட்ட புகழ். "சொந்தத் தங்கச்சிக்கே ஒரு மூச்சு கூட விடலைய்யா, இவன்தான் ஆம்பளை!" என்று தட்டிக்கொடுத்தார்கள். அந்த மச்சான் கோர்ட்டுக்கார வக்கீலே வந்து கைகுலுக்கினார். புகழ்கிறவர்களுக்கு என்ன வந்தது, அவர்கள் வீட்டுக் குழந்தையா போனது? அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போலக் கதவைத் தட்டினார். உள்ளே அதட்ட யாருமில்லை என்பது தட்டின பிறகுதான் உறைத்தது. மனைவி கதவைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இவர் வெளியிலேயே நின்று அழுதார்.

மனு போட்டார்கள், முறைப்படி. அதற்குள் குட்டியின் அப்பா வேலை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். வழக்கும் பின்னாலேயே அங்கே போயிற்று. ஒரு தடவை முகவரி தப்பு என்று மனு திரும்பி வந்தது, ஒரு தடவை முத்திரை சரியில்லை என்று. அப்புறம் கோடை விடுமுறை. அப்புறம் அங்கே ஜட்ஜ் மாறிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணமும் சரியாகவும் இருந்தது. இவர் அந்த ஊருக்கே ஒரு தடவை போனார். ஆயுளில் முதல் தடவையாகப் பக்கத்துக் கதவைத் தேடி, அங்கே உள்ள கிளார்க் ஒருவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தங்கச்சி மனுவைக் கொஞ்சம் முன்னால் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டார். கேட்கவும் தெரியவில்லை, வார்த்தை குழறிற்று. கிளார்க்குக்கு இவரைப் பற்றித் தெரிந்திருந்தது. "நீங்களா இப்படி வந்து நிக்கிறது?" என்று சிரித்து, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்ததும் இனிமேல் தன்னால் பேர் கூப்பிட முடியாது, தொண்டை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதின முதல் பொய் அது. கோர்ட்டின் கீழ்த்தளத்தில், பிரிந்துபோன பெற்றோர் குழந்தைகளைப் பார்ப்பதற்கென்று ஓர் அறை உண்டு. சுவரில் யானையும் பூனையும் வரைந்திருக்கும், ஒரு மூலையில் உடைந்த பொம்மைகள், நடுவில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலிகள். அதன் வாசலில் அவரைப் போட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் "நேரமாச்சு" என்று சொல்வதுதான் வேலை. அதை அவர் மெதுவாகச் சொல்வார் என்று பேர்.

குட்டிக்கு ஒன்பது வயது நடக்கும்போது உத்தரவு வந்தது. பழைய உத்தரவு தவறு, தாயின் பக்கத்தையும் கேட்டிருக்க வேண்டும் என்று அதில் நல்ல வார்த்தைகளாகவே எழுதியிருந்தார்கள். ஆனாலும் குழந்தை இப்போது அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது, புது அம்மா இருக்கிறாள், பள்ளிக்கூடம் இருக்கிறது, திடீரென்று பிடுங்கக்கூடாது. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை, தாய் இருக்கிற ஊரின் கோர்ட்டில், அந்த அறையில் ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

அந்தச் சனிக்கிழமை பாப்பா நேரத்தோடு வந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற அண்ணனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மடியில் ஒரு கவுன் இருந்தது, பையிலிருந்து எடுத்து விரித்துப் பார்ப்பதும் மடிப்பதுமாக இருந்தாள். அளவு தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கினது. குட்டியின் அப்பா வெளியே காரிலேயே இருந்துகொண்டார். குட்டி தனியாக நடந்து வந்தது. உயரமாக, இரட்டைப் பின்னலோடு, முட்டி மறையப் பாவாடை கட்டிக்கொண்டு, கதவருகே நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தது.

"உள்ளே வரலாங்களா?" என்று கேட்டது.

அவர் கதவை நன்றாகத் திறந்துவிட்டார். குட்டி அவரைப் பார்த்து, "தேங்க்ஸ் சார்" என்றது.

பாப்பா எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். குட்டி அந்தக் கைகளுக்குச் சற்று முன்னால் நின்று கும்பிட்டது. "வணக்கம். நல்லா இருக்கீங்களா?"

நீட்டின கைகள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன. "நல்லா இருக்கேண்டா கண்ணு. நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேங்க. நீங்க உக்காருங்க."

அவள் உட்கார்ந்த பிறகுதான் குட்டி உட்கார்ந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. என்ன வகுப்பு, என்ன பாடம் பிடிக்கும், தோழி யார், எல்லாம் சொன்னது. கவுனைக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கி, "ரொம்ப நல்லாயிருக்குங்க, எதுக்கு உங்களுக்குச் சிரமம்" என்றது. ஒன்பது வயதுக் குழந்தை! முரண்டு பிடிக்கவில்லை, அழவில்லை, ஏன் என்னை விட்டுட்டுப் போனே என்று ஒரு அடி அடிக்கவில்லை. அடித்திருந்தால் பாப்பா பிழைத்திருப்பாள். வாசலில் நின்ற மனுஷன் கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் கோர்ட்டில் கேட்ட எந்தப் பேச்சையும்விட முறையாக இருந்தது.

ஒரு மணி நேரம் முடிந்தது. அவருக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் குட்டி ஏதாவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிடும், ஒரு தடவை நீ என்று சொல்லிவிடும் என்று அவர் நினைத்தார். பாப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தாள் என்று தோன்றுகிறது. குட்டிதான் கடிகாரத்தைப் பார்த்தது.

"சார், நேரமாயிடுச்சு. நீங்க இன்னும் சொல்லலை."

"பரவால்லடா கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் அம்மாகூட இரு. மாமா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

குட்டி மாமா என்ற சொல்லைக் கவனிக்கவில்லை. "இல்லைங்க சார், அப்பா வெளியில நிக்கிறாங்க. லேட்டானா அடுத்த மாசம் விட மாட்டாங்க" என்று எழுந்தது. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டது. பாப்பாவிடம் திரும்பி, "போயிட்டு வரட்டுங்களா?" என்றது.

பாப்பா தலையை அசைத்தாள். குட்டி செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஓடாமல், வராந்தாவில் ஓரமாக நடந்து போயிற்று.

இவர் உள்ளே வந்தார். வேலை நேரத்தில் உட்காராத மனுஷன், முழங்கால் நெஞ்சில் இடிக்க, குழந்தை நாற்காலி ஒன்றில் தங்கைக்கு எதிரே உட்கார்ந்தார். மன்னிச்சிடு என்று சொல்லத்தான் வந்தார். பாப்பா வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா வளர்த்திருக்காங்க, இல்லண்ணா?" என்றாள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசின முதல் பேச்சு அது. "ஆமா பாப்பா" என்றார் அவர்.